லைனில் ஆள் நிற்குது

எதிர்வீட்டு அக்கா ரெலிபோன் எடுப்பதைப் பார்க்க வேண்டும். மணி அடித்ததும் எங்களைப் போல விழுந்தடித்து ஓட மாட்டார். முதல் மணிக்கு நிமிர்ந்து உட்காருவார். உடுப்பின் கழுத்தை ஒருதரம் இழுத்துச் சரிசெய்வார், ரெலிபோனுக்குள் இருப்பவர் பார்க்கப்போகிறார் என்பதுபோல. இரண்டாம் மணிக்கு ரிசீவர் காதில் இருக்கும். "ஹலோ, சொல்லுங்கோ, கியன்ன" என்று மூன்று பாஷையையும் ஒரே மூச்சில் சொல்லுவார். முகம் தெரியாதவர்கள் இருபது வயதுப் பிள்ளை என்று நினைத்துக் கதைப்பார்கள். எண்பதை எட்டப்போகிற மனுசிக்கு அப்படி ஒரு குரல்.

எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. ரெயில் போனால் யன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஒருதரம் கதைத்து ஓயும். மூன்றாம் மாடியில் இரண்டே வீடு. ஒன்று என்னுடையது, மற்றது அக்காவுடையது. நான் கொட்டாஞ்சேனைக்காரி. பிள்ளைகள் வாங்கிய வீடு என்று இங்கே வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் ஒன்றும் பிடிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் வாசலில் நின்று இருமினால் நாலு வீட்டார் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். இங்கே எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தன. அக்காவின் கதவு ஒன்றுதான் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து பகல் முழுக்க அந்தக் குரல் வந்துகொண்டே இருக்கும். சிரிக்கும், ஆறுதல் சொல்லும், மருந்து சொல்லும். பெரிய குடும்பம் போலிருக்கு என்று எட்டிப் பார்த்தேன். ஒரு மனுசி, ஒரு ரெலிபோன், அவ்வளவுதான்.

அவர் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்து ஓய்ந்தவர். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ பதுளைக்கோ கதைக்க வேண்டுமென்றால், எக்ஸ்சேஞ்சில் இருக்கிற ஒரு பெண்ணிடம் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். அவள் முன்னால் இருக்கிற பலகையில் வயரைக் குத்தி, அந்த ஊரையும் இந்த ஊரையும் சேர்த்துவிடுவாள். ஒரு பெரிய மண்டபத்தில் வரிசையாகப் பெண்கள் இருந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கிற சத்தத்தைப் பற்றி அக்கா சொல்லத் தொடங்கினால், கலியாண வீட்டைப் பற்றிச் சொல்கிறவர் மாதிரி முகம் மலர்ந்துவிடும்.

"தேன்கூட்டுக்குள்ள இருந்த மாதிரிப் பிள்ளை. இண்டைக்கும் அது என்ர காதில கிடக்கு."

எனக்கே எழுபது தாண்டிவிட்டது. அவருக்கு நான் பிள்ளைதான்.

அங்கே பழகியதோ, பிறவியிலேயே வந்ததோ, அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மற்றப் பக்கத்து ஆள் ரிசீவரை வைக்கும்வரை தான் வைக்க மாட்டார். யாராக இருந்தாலும் சரி, என்ன கதையாக இருந்தாலும் சரி. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய் வைத்துவிட்டு நான் காவல் இருப்பேன்.

"ஆரக்கா இவ்வளவு நேரம்? வெட்டிப்போட்டு வாங்கோவன், ஆறுது."

ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "உஷ்! லைனில ஆள் நிக்குது" என்பார். எல்லாம் முடிந்து வந்து, ஆறின தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துவார். "வெட்டுறதெண்டு சொல்லாத பிள்ளை. வெட்டுறது மரத்தை. ரெலிபோனை வைக்கிறது. அதுவும் கேட்டுப்போட்டு வைக்கிறது."

நான் அதற்கு நேர்மாறு. தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே மாட்டேன். தவறி எடுத்தாலும் "ராங் நம்பர்" என்று சொல்லி வெட்டிவிடுவேன். வத்தளையில் இருக்கிற என் மச்சாள், தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல யாருடைய போனிலோ எடுத்தபோது அவளுக்கும் அதையே சொல்லி வெட்டினேன். கலியாண வீட்டில் என்னைக் கண்டதும், "வாங்கோ ராங் நம்பர்!" என்று சபைக்கு முன்னால் வரவேற்றாள். அக்கா இந்தக் கதையைக் கேட்டு வயிறு நோகச் சிரித்துவிட்டு, "உன்னை எக்ஸ்சேஞ்சில விட்டிருந்தா நாடே பிரிஞ்சிருக்கும்" என்றார்.

அவர் ராங் நம்பரை நடத்துகிற விதம் வேறு. பாமன்கடையில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அதன் நம்பருக்கும் அக்காவின் நம்பருக்கும் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். டொக்டரைத் தேடி எடுக்கிறவர்களில் பாதிப்பேர் அக்காவிடம் வந்து விழுவார்கள். அக்கா சரியான நம்பரைச் சொல்லுவார். அதோடு விடுவாரா? டொக்டர் எத்தனை மணிக்கு வருவார், இன்றைக்குச் சனம் கூடவோ குறையவோ, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதுவரைக்கும் நெற்றியில் ஈரத்துணி போடுங்கோ, எல்லாம் சொல்லுவார். இதற்கென்றே காலையில் தானே டிஸ்பென்சரிக்கு எடுத்து நிலவரம் கேட்டு வைத்திருப்பார். ஒரு நாள் வயதான மனுசன் ஒருவர் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்தார். டொக்டரேதான்.

"எங்கட டிஸ்பென்சரியில ரெலிபோன் எடுக்கிற பிள்ளை நல்ல பிள்ளையெண்டு எல்லாரும் சொல்லுறாங்க. என்னிட்ட அப்பிடி ஒரு பிள்ளை இல்லையே எண்டு தேடிக்கொண்டு வந்தன்."

"பிள்ளை நான்தான்" என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று நினைக்க வேண்டாம், பெருமை.

இன்சூரன்ஸ் விற்க ஒரு பெட்டை எடுத்தாள். அக்கா வாங்கவில்லை. ஆனால் எப்படிக் கதைத்தால் மற்றவர்கள் வாங்குவார்கள் என்று அவளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். "முதல்ல மூச்சை விடும் பிள்ளை. ஓடாதையும். நீர் சிரிச்சுக்கொண்டு கதைச்சா அது குரலில கேக்கும், தெரியுமோ?" அடுத்த கிழமை அந்தப் பெட்டை நன்றி சொல்ல எடுத்தாள். அன்றைக்கும் தேத்தண்ணி ஆறியது.

இப்படிப்பட்ட மனுசியிடம்தான் அந்த ஆளும் வந்து விழுந்தான்.

சந்தையில் அகத்திக்கீரை வாங்கினால் அக்காவுக்கும் ஒரு கட்டு வாங்குவேன். அன்று கட்டைக் கொண்டுபோனபோது அவர் ரெலிபோனும் காதுமாகக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். கனடாவில் இருக்கிற மகன் முகம் பார்த்துக் கதைப்பதற்கென்று வாங்கிவைத்துவிட்டுப் போன சின்னக் கொம்பியூட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதை மூடியிருக்கிற பின்னல் துணியை விலக்குவார். அன்று ஞாயிறு இல்லை, துணி மடியில் கிடந்தது. திரையில் சிவப்பும் மஞ்சளுமாக அடையாளங்கள் வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எழுத்தெல்லாம் இங்கிலீசு. எனக்குத் தெரிந்தது அக்காவின் முகம்தான். அது பளபளவென்று இருந்தது.

"ஆரக்கா?"

ரிசீவரைப் பொத்தினார். "கொம்பியூட்டர் கம்பனியில இருந்து. எங்கட மெசினுக்குள்ள வைரஸ் பூந்து, இஞ்ச இருந்து பிழையான செய்தியெல்லாம் போகுதாம். இந்தச் சிவப்பெல்லாம் பிழையாம். பாவம், காலமை தொடக்கம் எனக்காக மினக்கெடுறார்."

"அவைக்கு உங்கட வீட்டு மெசின் எப்பிடித் தெரியும்? வையுங்கோ அக்கா போனை!"

"விசர்க்கதை கதையாத. இங்க காதை வை. கேக்குதோ?"

ரிசீவரை என் காதில் வைத்தார். ஒருத்தன் இங்கிலீசில் ஏதோ மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு இரைச்சல். ஆணும் பெண்ணுமாக நிறையப் பேர் ஒரே நேரத்தில் கதைக்கிற இரைச்சல்.

"எங்கட மண்டபம் மாதிரியே இல்லையோ?" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. "பேய்க்காட்டுறவன் ஒளிச்சிருந்து தனிய எல்லோ கதைப்பான்? இது பெரிய ஒஃபீஸ், பிள்ளை. இப்ப சுப்பவைசருக்கு லைன் மாத்தப்போறாராம். என்ன நடந்தாலும் ரிசீவரை வைக்க வேண்டாமாம். எனக்கே சொல்லித்தாறார்!"

அப்போது நான் அந்தக் காட்சியைக் கண்டேன். அக்காவின் ஒரு கை ரிசீவரில், மறு கை மடியில். கொம்பியூட்டரைத் தொட ஆள் இல்லை. திரையில் அம்புக்குறி தானாக நடந்தது. ஒரு பெட்டியைத் திறந்தது, மூடியது, அடுத்ததுக்குப் போனது. பேய்க்காட்டுறது, பேய்க்காட்டுறது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், ஏமாற்றுவதைத்தான். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்தேன்.

"அக்கா, பேய் நடக்குது!" என்று கத்தினேன்.

"அது அவர் துப்புரவாக்கிறார்" என்றார் அக்கா.

வயரைப் பிடுங்குவோம் என்று கை துடித்தது. ஆனால் அது அவர் வீடு, அவருடைய லைன். துப்புரவாக்கியதற்கு ஒரு சின்னக் கட்டணமாம் என்று அக்கா எழும்பிப்போய் பேங்க் கார்ட்டை எடுத்துவந்தார். இலக்கங்களை அந்த வெள்ளிக் குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் அவன் திருப்பிச் சொன்னதை மெச்சினார், "நல்லாப் பழக்கியிருக்கினம்" என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். கடைசியில் அவன் நன்றி சொல்லி வைத்தான். அதற்குப் பிறகுதான் அக்கா வைத்தார்.

கீரைக் கட்டை என்னிடமிருந்து வாங்கக் கை நீட்டியபோது அவருடைய கைப்போன் மணி தட்டியது. மறுபடி தட்டியது. பேங்க் அனுப்பிய செய்தி. அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கத்தவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. கீரையை மேசையில் வைத்தார்.

"பிள்ளை, செருப்பைப் போடு. பேங்குக்குப் போவம்."

த்ரீவீல் பிடித்துப் போனோம். பேங்கில் ஒரு சின்னப் பெட்டை ஓடியாடிக் கார்ட்டை நிறுத்தினாள். போனது போக மிச்சம் தப்பியது. எவ்வளவு போனது என்று அக்கா எனக்குச் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. தண்ணீர் கொண்டுவந்து தந்த அந்தப் பெட்டை, "கவலைப்படாதீங்க அன்ரி. நீங்க மட்டும் இல்ல. லோயர் ஒராள் வந்தார், கணக்குப் படிப்பிக்கிற மிஸ் ஒராள் வந்தாங்க" என்றாள்.

அக்கா தலை நிமிர்த்திக் கேட்டார்: "அவையளுக்கும் பின்னால சத்தம் கேட்டதாமோ?"

பெட்டைக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

கீழ்மாடிச் சனம் படியில் மறித்து மறித்து என்னைக் கேட்டது, இவ்வளவு படித்த மனுசி, மூன்று பாஷை தெரிந்த மனுசி எப்படி ஏமாந்தது என்று. மூளை இல்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று ஒரு நினைப்பு. அந்த ஆள் மூளையைத் தேடி வரவேயில்லை. ஒருவருடைய கதவுக்கு முன்னால் வந்து நின்று, உதவி செய்கிறேன் என்று பணிவாகச் சொன்னால் முகத்தில் அடித்தமாதிரி சாத்த உங்களால் முடியுமா? என்னால் முடியும், அது வேறு. அக்காவால் முடியாது. அவரிடம் இருந்த மரியாதைதான் அவனுக்குக் கைபிடி. அதைப் பிடித்துத்தான் கதவைத் திறந்தான்.

"மகனுக்குச் சொல்லாதையுங்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பின்னல் துணியை விலக்கி, முதல் வேலையாகச் சொல்லிவிட்டார்.

"லைனில பொய் சொல்லக்கூடாது பிள்ளை."

மகன் வந்து இறங்கினான். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். கனடாவில் கொம்பியூட்டர் எஞ்சினியர். வந்த அன்றே இரண்டு பிளேன் ரிக்கெட்டை மேசையில் வைத்தான், தனக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. வீட்டை விற்பதற்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறானாம். அக்கா அந்தக் கடதாசியைத் தொடவில்லை. சமையலறைக்குள் வந்து என் கையைப் பிடித்தார். பிடி இறுகியிருந்தது.

"நீ கதைச்சுப் பார் பிள்ளை. எனக்கு அங்க போய் இருக்கேலாது. இந்த லைன் இல்லாட்டி நான் என்ன செய்யிறது?"

கதைக்கத் தெரியாதவளா நான்? வடையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு முன்னால் இருந்தேன்.

"அன்ரி, நீங்களே சொல்லுங்கோ. தனிய இருந்து இப்பிடி ஏமாறினா நான் அங்க எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

"தனிய எண்டு ஆர் சொன்னது? நான் ஆர், சுவரோ? சரி, அங்க கொண்டுபோறீங்கள். அங்க போன் வராதோ?"

"அங்க நாங்கள் இருக்கிறம்."

"பகல்ல?"

"பகல்ல..." என்று இழுத்தான். "பகல்ல வேலை. பிள்ளையள் பள்ளிக்கூடம்."

"அப்ப அங்கதான் தனிய."

"அது இல்லை அன்ரி விசயம்" என்றான், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. "அம்மாக்கு வெட்டத் தெரியாது. கள்ளன் எண்டு தெரிஞ்சாலும் வெட்டமாட்டா. வெட்டத் தெரிஞ்சா இஞ்ச இருக்கலாம். தெரியாதே!"

அவன் சொன்னது உண்மை. உள்ளே அக்கா பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

ரெலிபோன் அடித்தது.

அக்கா ஈரக்கையோடு வந்து எடுத்தார். கேட்டார். முகம் மாறியது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு மகனைப் பார்த்தார். "அந்த ஆள்தான். வேற பேர் சொல்லுறார். பிழையா எடுத்த காசைத் திருப்பித் தரப்போகினமாம்."

"இங்க தாங்கோ!" என்று மகன் பாய்ந்தான். ஸ்பீக்கரைப் போட்டான், வேட்டைக்குப் போகிறவன் மாதிரிக் கையை மடித்துவிட்டான். "இப்ப பாருங்கோ அன்ரி, இவனை என்ன செய்யிறன் எண்டு."

இங்கிலீசில் பொரிந்து தள்ளினான். அக்கா என் பக்கத்தில் வந்திருந்து, காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நீ கள்ளன் எண்டுறான்... இல்லை சேர், நான் உங்களுக்கு உதவி செய்யிறவன் எண்டுறான் அவன்... நான் ஆர் தெரியுமோ எண்டு கேக்கிறான் இவன்... தெரியாது சேர், சொல்லுங்கோ எண்டுறான்."

அவ்வளவுதான். மகன் சொல்லத் தொடங்கினான். தான் இன்ன படித்தவன், இன்ன வேலை செய்கிறவன், அவனைப் போன்ற ஆட்களைப் பிடிப்பதற்குத் தனக்கு ஒரு நிமிசம் போதும் என்று. மற்றப் பக்கத்து ஆள் கோபப்படவில்லை. சிரித்தான்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"இவன் எஞ்சினியர் இல்லையாம். எஞ்சினியர்மார் இப்பிடிக் கத்தமாட்டினமாம். பொய் சொல்லுறானாம்."

மகனுக்குக் காது சிவந்தது. முழுப் பேரையும் சொன்னான். பேரைச் சொன்னது எனக்கே விளங்கியது. கம்பனியைச் சொன்னான், எந்த ஊரில் எந்தக் கிளை என்று சொன்னான். அந்தப் பக்கம் இருந்தவன் ஆறுதலாக ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான், அன்றைக்கு அக்காவின் இலக்கங்களைத் திருப்பிச் சொன்னது மாதிரியே. நான் தட்டில் இருந்த வடையைப் பார்த்தேன். ஒருவரும் தொடவில்லை. தேத்தண்ணி ஆடை பிடித்திருந்தது. மகனுக்கும் வெட்ட முடியவில்லை. வென்றுவிட்டுத்தான் வைப்பேன் என்று நின்றான். அக்காவை மரியாதையில் பிடித்தவன், இவனைக் கெட்டித்தனத்தில் பிடித்துவிட்டான். என்னிடம் என்ன கைபிடி இருக்கிறதோ தெரியாது. ஏதாவது இருக்கத்தான் செய்யும்.

"இப்ப என்னக்கா?"

அக்கா கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்ப உண்மையான எஞ்சினியர் எண்டா, கம்பனிக் கொம்பியூட்டருக்குள்ள என்ன பேரில போறனீங்கள் எண்டு சொல்லுங்கோ சேர், பாப்பம் எண்டுறான்."

மகன் வாயைத் திறந்தான். அக்கா எழும்பினார். அவர் அவ்வளவு கெதியாக எழும்பி நான் பார்த்ததில்லை. நேரே போய், ரிசீவர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற பொத்தானில் ஒற்றை விரலை ஊன்றினார்.

டொக்.

தூரத்தில் தெகிவளைப் பக்கமாக ஒரு ரெயில் போனது.

"அம்மா! நான் அவனைப் பிடிக்கப் போனனான்!"

"ஆர் ஆரைப் பிடிச்சது?" என்றார் அக்கா. விரலை இன்னும் எடுக்கவில்லை. "உன்ர பேர், வேலை, ஊர், எல்லாம் குடுத்தாச்சு. இனி என்ன, சாதகமும் குடுக்கப்போறியோ?"

மகன் தாயைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். தான் என்ன சொல்லப் போனோம் என்று அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. மெல்லக் கதிரையில் இருந்தான்.

"வெட்டிப்போட்டீங்கள்" என்றான்.

"ஓம்" என்றார் அக்கா. தன் விரலைத் தானே பார்த்தார், யாருடைய விரலையோ பார்ப்பது மாதிரி. "வைக்கேல்ல. வெட்டினனான்."

சொல்லி முடிக்கவில்லை, ரெலிபோன் மறுபடி அடித்தது. அவன்தான், வேறு யார். "எடுக்காதையுங்கோ அம்மா" என்று மகன் கை நீட்டினான். அக்கா அந்தக் கையை ஒதுக்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிசீவரை எடுத்தார்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அக்காவின் குரல்தான், ஆனால் மனுசக் குரல் இல்லை. ஏற்றமில்லை, இறக்கமில்லை, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. முதலில் சிங்களத்தில் சொன்னார். பிறகு தமிழில்: "நீங்கள் அழைத்த இலக்கம் தற்சமயம் பாவனையில் இல்லை. தயவுசெய்து இலக்கத்தைச் சரிபார்க்கவும்." பிறகு இங்கிலீசில். முடிந்ததும் மறுபடி சிங்களத்தில் தொடங்கினார். பாதி வசனத்தில் நிறுத்திக் காதை வைத்துக் கேட்டார். அவன் வைத்துவிட்டான். அக்காவும் ரிசீவரை மெதுவாக வைத்தார்.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடிக்கவில்லை. வடை எடுத்தோம், தின்றோம். அடிக்கவில்லை.

"நம்பிட்டான்" என்றான் மகன்.

"பின்னே? அந்தக் குரலை நம்பாமல் விடுவினமோ!" என்றேன் நான், ஏதோ எனக்கே பாதிப் பங்கு இருக்கிற மாதிரி.

"நானே நம்பியிருப்பன், அம்மா." சொல்லிவிட்டு அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து இருமி, கண்ணைத் துடைத்து, கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் இருந்துவிட்டான். இந்தப் பெரிய ஆம்பிளை சின்னப் பிள்ளையாக எப்படி இருந்திருப்பான் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முகத்தில் ஒரு கலக்கம்.

"லைனில பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை" என்றார் என்னிடம். "அதுவும் மூண்டு பாஷையில."

"வடிவாச் சொன்னீங்கள் அக்கா."

"வடிவாச் சொன்னனானோ?" என்று கேட்டார். கடைவாய் மெல்ல விரிந்தது. "சிங்களத்தில ஒரு இடம் தட்டினது. இன்னொருக்கா எடுத்தானெண்டா இன்னும் வடிவாச் சொல்லுவன்."

அதற்குப் பிறகுதான் அவரும் சிரித்தார். மூன்று பேருமாகச் சிரித்த சத்தத்துக்குக் கீழ்மாடிச் சனம் படியில் வந்து நின்று, என்ன நடந்தது என்று கேட்டது.

மகன் நிலத்தில் இருந்தபடியே மேசையில் கிடந்த ரிக்கெட்டுகளை எட்டி எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தான்.

"சரி அம்மா. ஒண்டைக் கன்சல் பண்ணுறன்."

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறின தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"பண்ணு ராசா. அவசரத்தில மற்றதையும் பண்ணிப்போடாத. உனக்கு அங்க வேலை கிடக்கெல்லே?"